படகுக்குள் தண்ணீர் ஏறும்போது: பம்புக்கு முன் ஓட்டை

ஒரு பாய்மரப் படகில் நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே, 5 செ.மீ. விட்டத்தில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு தண்ணீர் உள்ளே வரும்? அந்த ஆழத்தில் நீர் விநாடிக்குச் சுமார் 3.4 மீட்டர் வேகத்தில் பாயும். ஓட்டைக்குள் நுழையும்போது நீர்த்தாரை சுருங்குவதைக் கழித்தாலும் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 240 லிட்டர். நாலு நிமிடத்தில் ஒரு டன்னை நெருங்கிவிடும்.

மணிக்கு 7,500 லிட்டர் என்று எழுதியிருக்கும் மின்பம்பு பெரிதாகத் தோன்றும். நிமிடக் கணக்கில் அது 125 லிட்டர்தான். ஹோஸ் வழியாகத் தண்ணீரை மேலே தூக்க வேண்டும், பேட்டரியும் தளரும் என்பதால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. எனவே பம்பை ஓடவிட்டுவிட்டு உடனே ஓட்டையைத் தேட வேண்டும்.

இதில் இயற்பியல் நம் பக்கம் நிற்கிறது. ஓட்டையின் விட்டத்தைப் பாதியாக்கினால் வரத்து கால்வாசியாகிவிடும், அதாவது நிமிடத்துக்கு 60 லிட்டர். இப்போது அதே பம்பு சமாளிக்கும். முழுசாக அடைபட வேண்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். இன்னொரு நல்ல செய்தி, அந்த 5 செ.மீ. ஓட்டையில் நீர் தள்ளும் விசை வெறும் 1.2 கிலோ எடை அளவுதான். உள்ளங்கையாலேயே தாங்கலாம். துணியைத் திணிக்கலாம், கூம்பு வடிவ மர ஆப்பை அடிக்கலாம். மெத்தென்ற மரமாக இருந்தால் ஊறி உப்பி இன்னும் இறுகும்.

பாறையில் மோதிப் பக்கச்சுவர் பிளந்தால் கதை வேறு. 30 செ.மீ. சதுரத் திறப்பில் அதே ஆழத்தில் சுமார் 55 கிலோ தள்ளும். உள்ளிருந்து அடைக்க மெத்தை, பலகை, முட்டுக்கட்டை எல்லாம் வேண்டும். வெளியிலிருந்து படகின் பாயைப் போர்த்தினால் கடலின் அழுத்தமே அதை ஓட்டையோடு சேர்த்துப் பிடிக்கும். 1770 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதிய ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலை இப்படித்தான் காப்பாற்றினார்கள்: பாயில் கம்பளியையும் கயிற்று நாரையும் வைத்துத் தைத்து, கப்பலுக்கு அடியில் இழுத்து நிறுத்தினார்கள்.

தேடுவதுதான் கஷ்டம். தண்ணீர் தளப்பலகைக்கு மேலே ஏறிவிட்டால் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இல்லையென்றால் உடைந்தது குடிநீர்த் தொட்டியாக இருக்கலாம். உப்பாக இருந்தால், படகில் ஏற்கெனவே உள்ள துளைகளிலிருந்து தொடங்குங்கள்: கழிப்பறைக் குழாய், இன்ஜின் குளிர்நீர்க் குழாய், சுழலி அச்சு, சுக்கான் தண்டு. ஓட்டை முன்பக்கம் என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்; ஓடும் படகு தண்ணீரை உள்ளே திணிக்கும். பக்கவாட்டில் என்றால் பாயை மறுபக்கம் மாற்றிப் படகைச் சாய்த்தால், சில நேரம் ஓட்டையே நீருக்கு மேலே வந்துவிடும்.

பேட்டரி மூழ்கினால் வானொலியும் போகும். அதனால் உதவி கேட்கும் அழைப்பு சீக்கிரமே, விஎச்எஃப் (படகுகளில் பயன்படும் வானொலி) 16ஆம் சேனலில் போக வேண்டும். அப்புறம் சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, அடிக்கடி பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் உயிர்காப்பு மிதவையைத் தயாராக வையுங்கள். ஆனால் படகு மிதந்துகொண்டிருக்கும்வரை மிதவையில் இறங்க வேண்டாம்.