நேர்த்திக்கடனும் மூக்குக்குழாயும்

மூக்குக்குழாயில் பால் இறங்கும் பிள்ளை, நாள் தவறாமல் வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளை, ஒட்சிசனோடு வீடு திரும்பும் பிள்ளை. பேராதனை சிறுவர் வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி (வீட்டுக்கு அனுப்பப்பட்டு) தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) வரும்போது பல குடும்பங்களில் ஒரு நேர்த்திக்கடனும் கூடவே வரும். அது கிளினிக் கொப்பியில் இருக்காது. பிள்ளையைப் பார்க்கும் மருத்துவப் பணியாளர்களான நாம்தான் கேட்க வேண்டும்: "எந்தச் சாமிக்கு என்ன வேண்டியிருக்கீங்கம்மா?" முகம் சுளித்துக் கேட்டால் அடுத்த கிளினிக்கில் உண்மை வராது.

முதலில் தெரிய வேண்டியது மருந்து. "மாரியம்மன் பார்த்துக்குவா" என்று வல்புரோயேட் போன்ற வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், நிற்காத வலிப்பு வரலாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியுலன்சை உடனே அழைக்க வேண்டும். பிள்ளையைத் திருவிழாவுக்குத் தூக்கிப் போனாலும் மருந்து நேரம் மாறக்கூடாது. குழாயால் பால் கொடுக்கும்போதும் அதன்பின் அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

விழுங்கத் தெரியாத பிள்ளைக்குத் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் வாயில் விட்டால் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் (நியூமோனியா) வரலாம். தீர்த்தத்தை நெற்றியில் தொட்டு வைத்தால் போதும். பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கும். ஒரு வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் தேன் ஆகாது. கழுத்தில் மந்திரித்த கயிறு கட்ட வேண்டாம், காலில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டலாம். மூச்சுவிடத் தொண்டையில் துளை போட்ட பிள்ளைக்குத் திருநீற்றை ஊதிப் பூசக்கூடாது.

லயத்தில் பெரிய ஆபத்து நெருப்பு. ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதைப் பல மடங்கு மூட்டிவிடும். விளக்கு, சூடம், ஊதுபத்தி, விறகடுப்பு எல்லாம் குறைந்தது 3 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். ஒரே காம்பராவில் (அறையில்) அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்? சாமிப்படத்தை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) மாற்றி விளக்கை அங்கே ஏற்றலாம். அடுப்புக்கு வேறு வழி இல்லையென்றால் டிக்கட் வெட்டுவதற்கு முன்பே வார்டில் சொல்லிவிட வேண்டும்.

தாயின் விரதம் தனிக் கதை. இரவில் மூன்று மணிக்கொரு தடவை எழும்பிப் பால் கொடுத்து, விடிந்ததும் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஓடி, கொழுந்து குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்). அந்த உடம்பு பட்டினியும் கிடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே மயங்கி விழும். "பிள்ளை தேறட்டும், பிறகு செய்யலாம்" என்று பூசாரி ஒருமுறை சொன்னால் வீட்டில் மறுபேச்சு இருக்காது. டொக்டர் பத்து முறை சொன்னாலும் அந்த எடை வராது. ஆகவே பூசாரியோடு பேசுவதும் நம் வேலைதான்.

தாயை உள்ளுக்குள் அரிப்பது "சாமி குத்தம்" என்ற பேச்சு. பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் குறைந்ததோ, மூளைக்காய்ச்சலோ, தெரிந்த காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்து, மாமியாரையும் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள்.

வேண்டுதல் தாயைத் தாங்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கோயிலில் உட்கார, அந்த நேரம் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். குழாயில் பால் கொடுக்கவும், குழாய் கழன்றால் பால் கொடுப்பதை நிறுத்தவும் வார்டிலேயே இரண்டு பேருக்குப் பழக்குங்கள். அதில் ஒருவர் தகப்பனாக இருக்கட்டும்.