இலவசத் தொழிற்பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன்

முதலில் பணம். கிராமத்துப் பெண்களுக்கான அரசுத் தொழிற்பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பதிவுக்கு, சான்றிதழுக்கு, சீருடைக்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பவரிடம் அரசு முத்திரையுள்ள ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். நூறு நாள் வேலையில் வந்த கூலியை இப்படிக் கொடுத்துவிட்டு, பயிற்சியும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்கும் பெண்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சேலம் மாவட்டத்தில் முக்கியமாக இரண்டு பயிற்சிகள் இருக்கின்றன. ஒன்று, ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், அதாவது ஆர்செட்டி. சேலத்தில் இதை நடத்துவது இந்தியன் வங்கி, அதனால் இண்ட்செட்டி என்பார்கள். தையல், ஆடு மாடு வளர்ப்பு, காளான், அழகுக்கலை என்று பத்து நாள் முதல் ஒன்றரை மாதம் வரை பயிற்சி உண்டு. சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள். சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இது. இன்னொன்று தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம். 2014இல் வந்தது, குறைந்தது மூன்று மாதம், முடித்ததும் கம்பெனி வேலை. பெண்கள் 45 வயது வரை சேரலாம். இதற்கு ஒன்றியத்தில் இருக்கும் மகளிர் திட்டம் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பெயர் கொடுப்பதில்தான் முதல் சிக்கல். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணிடம் "பயிற்சி முடிந்தால் வேலை நிச்சயம்" என்று மட்டும் சொல்லிச் சேர்த்துவிடுவார்கள். வேலை திருப்பூரிலோ ஓசூரிலோ என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். எந்த ஊர், என்ன சம்பளம், விடுதி உண்டா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு: சொந்த மாவட்டத்தில் என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் மூன்று மாதம், வெளி மாநிலம் என்றால் ஆறு மாதம். இதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு, யாரும் சொல்வதே இல்லை என்பதால்.

அடுத்தது, "பி.பி.எல். கார்டு (வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்ற அட்டை) கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவது. கேட்கும்போதே எனக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் அப்படியொரு கார்டு இல்லை. எல்லோருக்கும் ரேஷன் கொடுக்கும் மாநிலம் இது. ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச்., அதாவது முன்னுரிமைக் குடும்பம், அல்லது என்.பி.எச்.எச்., அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம், என்றுதான் இருக்கும். குடிசையில் இருப்பவர்கள் கார்டிலும் என்.பி.எச்.எச். என்று விழுந்திருக்கும். அதைப் பார்த்து "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். வேறு வழிகள் விதியிலேயே இருக்கின்றன. மேலே சொன்ன தீன்தயாள் பயிற்சிக்கு, உங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் போன நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 15 நாள் வேலை செய்திருந்தாலே போதும். மகளிர் குழுவில் இருக்கும் குடும்பம் என்றாலும் போதும். மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலில், அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்து அடையாளம் கண்ட ஏழைக் குடும்பங்களின் பட்டியலில், பெயர் இருந்தாலும் போதும். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி, எல்லாம் வேண்டியதில்லை.

இங்கேயும் ஒரு தடை வைப்பார்கள். "குழுவில் மாமியார்தானே இருக்கிறார், நீ இல்லையே" என்பார்கள். விதி குடும்பத்தைத்தான் பார்க்கிறது. மாமியாரின் குழுப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ள பக்கத்தை நகல் எடுத்து, ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் கடிதம் வாங்கி, ரேஷன் கார்டு நகலோடு சேர்த்துக் கொடுங்கள். நூறு நாள் வேலை அட்டை என்றால், வேலை செய்த நாட்கள் உள்ளே எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியான அட்டைகள் ஏராளம். ஊராட்சி செயலரிடம் எழுதி வாங்காமல் சேலம் பஸ் ஏறாதீர்கள்.

அப்புறம் பெயர். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல். பேங்க் பாஸ்புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். மூன்றும் ஒரே பெண் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உதவித்தொகை வராமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஆதாரில் உள்ளபடி ஒன்றாக்கிவிடுங்கள். கணக்கில் இரண்டு வருடமாகப் பணம் போடவோ எடுக்கவோ இல்லை என்றால் அது செயலற்ற கணக்காகியிருக்கும். பேங்குக்குப் போய் அதையும் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள்.

கைரேகையும் ஒரு பிரச்சினைதான். வருகைப் பதிவு பெரும்பாலும் விரல் வைத்துத்தான். காபித் தோட்ட வேலை, கல்வேலை, கொலுசுப் பட்டறை வேலை செய்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு அக்கா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். மெஷின் ஏற்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல ஒதுங்கி நின்றார். இரண்டு வாரம் ஒழுங்காக வந்தவருக்கு வருகையே பதிவாகவில்லை. ஆதார் மையத்தில் விரல் ரேகையை முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால், தினமும் கையெழுத்துப் பதிவேட்டிலும் போடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

ஏற்காட்டு மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு அலைச்சல் உண்டு. மலையாளி சமூகத்தினர் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையில் வாழ்பவர்கள்) இங்கே பழங்குடியினர். பழங்குடியினர் சாதிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் கோட்டாட்சியர், தாசில்தார் போட்டால் செல்லாது. இது தெரியாமல் தாலுகா ஆபீசுக்கே நடந்துகொண்டிருப்பவர்களை நாகலூர், மாரமங்கலம் பக்கம் பார்க்கலாம். மனு ஆன்லைனில் போனாலும் விசாரணை, பெற்றோரின் சான்று, உறவினர் சான்று என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். சாதிச் சான்று இருந்தால் ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். சான்று வரும் வரை குழுக் குடும்பம் என்ற தகுதியில் சேரலாம். "சான்று இல்லாமல் சேர்க்கவே மாட்டோம்" என்றால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது தையல் மிஷின். தையல் பயிற்சிக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் கடைசி நாளில் மிஷின் தருவார்கள் என்று நம்பித்தான் போகிறார்கள். தரமாட்டார்கள். மிஷின் கொடுப்பது வேறு துறை. சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் அது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம், வயது 20 முதல் 40 வரை. அதற்கு ஆறு மாதத் தையல் பயிற்சிச் சான்று கேட்பார்கள். ஆர்செட்டியில் தருவதோ ஒரு மாதப் பயிற்சி. இரண்டுமே அரசு சொல்வது, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொள்வது, லேமினேட் செய்த சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கும் பெண். மிஷின்தான் உங்கள் குறி என்றால், பயிற்சியில் சேரும் முன்பே மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போய், எந்த நிலையத்தின் சான்றை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாங்கலாம். அது ஒரு வருடம்தான் செல்லும். சீக்கிரமே வாங்கிவிட்டுக் காலாவதியாக விடாதீர்கள்.

கடனும் அப்படித்தான். பயிற்சி நிலையம் பரிந்துரைக்கும், கொடுப்பது வங்கி. சின்னத் தொழிலுக்கு முத்ரா என்ற மத்திய அரசுக் கடன் திட்டத்தின் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். அடமானம் கேட்கக் கூடாது. நகை வை, டெபாசிட் போடு என்றால் அது விதிக்கு விரோதம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சின்னக் கடனுக்குக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியில் எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. ஆனால் அதற்கு முன் உங்கள் சிபில், அதாவது நீங்கள் கடன் கட்டிய விவரப் பதிவு, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். வாரத் தவணைக் குழுக் கடனில் பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாமல் விட்டிருந்தால் அது உங்கள் பெயரில் நிற்கலாம். பயிற்சி முடிந்து இரண்டு வருடம் உங்களைக் கவனித்துக்கொள்வது ஆர்செட்டியின் வேலை. கடன் வராவிட்டால் அவர்களையே கூப்பிட்டு வங்கிக்கு உடன் வரச் சொல்லுங்கள்.

எந்த ஆபீசிலும் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். "நாளை வா" என்றால் மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள், எண் கிடைக்கும். முதல்வரின் உதவி எண் 1100இல் பதிவு செய்தாலும் எண் உண்டு. எண் உள்ள மனுவுக்கு அவர்கள் பதில் எழுதியே ஆக வேண்டும்.

கடைசியாக மலைக்காரர்களுக்கு ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து ஒரு மாதம் தங்க முடியாதவர்கள்தான் அதிகம். பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆனால் ஆர்செட்டி ஊரிலேயே வந்தும் பயிற்சி நடத்தலாம். முப்பது பேர் வரை சேர்ந்து, கூட்டமைப்பின் தீர்மானத்தோடு, இடமும் கரண்டும் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் வைக்க வேண்டாம், பறிப்பு முடிந்த பிறகு வையுங்கள் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். கூலியை விட்டுவிட்டு யாராலும் வர முடியாது.