படத்தில் விழாத அரை நொடி

சுவரோடு குதிகாலும் இடுப்பும் ஒட்ட நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட்டுப் பாருங்கள். பாதி வழியிலேயே முன்னால் சாய்ந்துவிடுவீர்கள். வழக்கமாகக் குனியும்போது நமக்குத் தெரியாமலே இடுப்பு பின்னால் போய், உடம்பின் ஈர்ப்பு மையத்தைப் பாதங்களுக்கு மேலேயே வைத்திருக்கும். சுவர் அதற்கு இடம் தரவில்லை. யாரும் தள்ளாமலே உங்கள் எடையே உங்களைக் கவிழ்க்கிறது. ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜியு-ஜிட்சுவில் ஆளைத் தூக்கி எறிவதன் அடிப்படையும் இதுதான், அந்தச் சுவரின் வேலையை எறிபவரின் கைகளும் இடுப்பும் செய்கின்றன.

மேற்கத்திய வாசகர்களுக்கு இதை அச்சில் விளக்கிய முன்னோடிகளில் ஒருவர் பார்ட்டன்-ரைட், பெங்களூரில் பிறந்த ஆங்கிலேய எஞ்சினியர். ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு லண்டன் திரும்பி, 1899-இல் பியர்சன்ஸ் இதழில் எழுதினார். முதலில் எதிராளியின் சமநிலையைக் குலைக்க வேண்டும், அவன் சுதாரித்துத் தன் பலத்தைக் காட்டுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் மூட்டுகளை அவை தாங்க முடியாத பக்கம் வளைக்க வேண்டும் என்று மூன்றே படிகளில் முடித்துவிட்டார். ஓர் எஞ்சினியர்தான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் 1904-05 போரில் ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்தது, மேற்கில் ஜியு-ஜிட்சு மேல் பெரிய மோகம் வந்தது, புத்தகங்கள் வரிசையாக வெளிவந்தன. அமெரிக்காவில் ஹான்காக் எழுதினார். லண்டனில் ஜப்பானிய ஆசிரியர் உயெனிஷி 1905-இல் ஒரு பாடநூலும், யூகியோ டானியும் டாரோ மியாகேயும் சேர்ந்து 1906-இல் ஒரு நூலும் தந்தார்கள், அதே ஆண்டு எமிலி வாட்ஸ் என்ற பெண்மணியின் நூலும் வந்தது. ஹான்காக்கும் ஹிகாஷியும் 1905-இல் எழுதிய பெரிய புத்தகத்தின் தலைப்பில் ஜூடோவை நிறுவிய கானோவின் பெயர் இருக்கிறது, ஆனால் அவருடைய கோடோகான் பள்ளியின் பாடம் அதில் இல்லை.

இந்தப் புத்தகங்களிலிருந்து நன்றாகப் பிடிபடக்கூடியவை கைப்பூட்டுகள். பூட்டு என்பது நெம்புகோல். படுத்தபடி எதிராளியின் கையை நம் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் நீட்டிப் பிடித்து, அவர் முழங்கைக்கு அடியில் நம் இடுப்பைக் கொடுத்து, மணிக்கட்டைக் கீழே அழுத்துகிறோம். மணிக்கட்டு முழங்கையிலிருந்து சுமார் 25 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய புஜத் தசையோ முழங்கையிலிருந்து 4, 5 செ.மீ. தூரத்தில்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. ஆக நாம் 10 கிலோ அழுத்தினால் அந்தத் தசை 50 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும், அதுவும் கை முழுக்க நீண்ட நிலையில் அதற்குக் கிடைக்கும் பிடிமானம் இன்னும் குறைவு. நம் பக்கத்தில் முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. இதெல்லாம் அசையாத ஒரே நிலையில் நடப்பதால், ஒரு புகைப்படமும் நாலு வரியும் போதும்.

எறிதலில்தான் சிக்கல். கானோ அதை மூன்றாகப் பிரித்தார்: சமநிலையைக் குலைப்பது குசுஷி, உடம்பைப் பொருத்திக்கொள்வது சுகுரி, எறிவது காகே. இதில் குசுஷி அரை நொடிகூட நீடிக்காது. அன்றைய ஸ்டூடியோவில் வேகமான அசைவை எடுத்தால் படம் மங்கிவிடும் என்பதால் இருவரும் கேமராவுக்காக அசையாமல் நின்றார்கள். யோசித்துப் பாருங்கள், உண்மையிலேயே சமநிலை இழந்த மனிதரால் அசையாமல் நிற்க முடியுமா? போஸ் கொடுத்து நிற்க முடிகிறது என்றாலே அவர் ஈர்ப்பு மையம் பத்திரமாகப் பாதங்களுக்கு மேல் இருக்கிறது என்று பொருள், இல்லாவிட்டால் பிடித்திருப்பவர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். எறிதலுக்குக் காரணமான அந்தக் கணம், போஸ் கொடுத்த படத்தில் வரவே முடியாது.

காலைத் தட்டிவிடும் எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளி அடியெடுத்து வைக்கும்போது, பாதம் தரையைத் தொட்டும் முழு எடை இன்னும் அதன்மேல் இறங்காத நேரத்தில் அதைப் பக்கவாட்டில் வாரிவிட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் அவர் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கிவிடும், தூணை உதைத்த மாதிரிதான். முன்னதாகத் தட்டினால் அவர் மற்றக் காலிலேயே நிதானமாக நிற்பார். ஒற்றைப் படத்தில் மூன்றும் கணுக்காலில் விழும் ஓர் உதையாகவே தெரியும்.

அதனால்தான் உயெனிஷியின் புத்தகம் எனக்கு மிகவும் பிடிக்கும். சினிமா பிறந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தபோது, எறிதல்களைச் சினிமா கேமராவில் எடுத்து, அடுத்தடுத்த பிலிம் சட்டங்களாகவே அச்சிட்டார். அசைவை அச்சுக்குக் கொண்டுவர அன்று அதைவிட நல்ல வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கைகள் எந்த அழுத்தத்தில் இழுக்கின்றன என்பதை அதுவும் காட்டாது, அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் காலப் புத்தகங்கள் பல இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடர் படங்கள் உள்ள ஒன்று கையில் கிடைத்தால், எறிபவரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, எறியப்படுபவரின் குதிகால் எந்தச் சட்டத்தில் தரையைவிட்டு எழும்புகிறது என்று தேடிப் பாருங்கள்.