ஃபாயர்: முன்கூடமா, முன்றிலா?

கட்டட வரைபடத்தில் நுழைவுக் கூடத்துக்கு ‘ஃபாயர்’ என்று எழுதியிருப்பதை அவசரத்தில் ‘ஃபயர்’ என்று வாசித்து, தீயணைப்புக் கருவி வைக்கும் இடமோ என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பில் பாதி நியாயம் இருக்கிறது.

சொல் பிரெஞ்சு, அங்கே ‘ஃபுவாயே’ என்பார்கள். மூலம் லத்தீன் ‘ஃபோக்குஸ்’, அதாவது அடுப்பு, கணப்பு. ‘ஃபயர்’ வேறு வேரில் பிறந்தது. ‘ஃபாயரு’க்கு உடன்பிறப்பு கேமராக்காரர் வாயில் வரும் ‘ஃபோகஸ்’தான். ஒளி குவியும் புள்ளிக்கு 1604இல் வானியலாளர் கெப்ளர் வைத்த பெயர் அது. பிரெஞ்சில் அடுப்பைக் குறித்த சொல் வீட்டுக்கும் ஆகி, பிறகு நாடக அரங்கில் இடைவேளையில் கூடும் அறைக்கும் ஆனது. அங்கிருந்துதான் ஓட்டல், அருங்காட்சியகம் எல்லாவற்றின் நுழைவுக் கூடத்துக்கும் பரவியது.

தமிழில் ‘வரவேற்பறை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்கும் இடம்தான் கண்முன் வருகிறது. ‘முன்கூடம்’ சரியான சொல். கதவுக்கு உள்ளே இருப்பதற்கு அதுவே போதும்.

ஆனால் நீர்க்கரை அருங்காட்சியகத்தில் வரவேற்பு கதவுக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் டே ஆற்றங்கரையில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்து 2018இல் திறந்த வி அண்ட் ஏ அருங்காட்சியகக் கட்டடம் கீழே இரண்டாகப் பிரிந்து மேலே சேர்கிறது. நடுவில் உள்ள திறப்பு வழியாக, உள்ளே நுழையாமலே ஆற்றுப் பக்கம் போய்விடலாம். பாஸ்டனில் 2006இல் திறந்த தற்காலக் கலைக்கூடத்தில் துறைமுக நடைபாதையின் பலகைத் தளமே படிக்கட்டாக மேலேறுகிறது. நடக்க வந்தவர் அதில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கலாம். தலைக்கு மேலே கண்காட்சிக் கூடம் நீரை நோக்கி நீண்டு நிற்கும்.

இந்த இடத்துக்கு ‘ஃபாயர்’ போதாது. தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: முன்றில். இல்லின் முன், ‘இல்முன்’. அது இடம் மாறி முன்+இல் ஆகி, நடுவில் ஒரு ற் தோன்றி ‘முன்றில்’ ஆயிற்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலேயே இதற்கு விதி உண்டு. பொருள், வீட்டுக்கு முன்னால் உள்ள திறந்த இடம். வீட்டுக்காரருக்கும் சொந்தம், தெருவில் போகிறவர் நிற்கவும் ஆகும்.

நீர்க்கரையில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து தளத்தை உயர்த்தினால் வாசலில் படி முளைக்கும், சக்கர நாற்காலி நின்றுவிடும். 1 மீட்டர் உயர்த்தினால் 1:12 சரிவில் 12 மீட்டர் சாய்தளம் வேண்டும். அதை மூலையில் ஒடுக்காமல் எல்லோரும் நடந்து வரும் தரையாகவே சாய்த்துவிடுவது நல்லது. வரைபடத்தில் அந்த 12 மீட்டருக்கு ‘முன்றில்’ என்றே பெயர் எழுதலாம்.