இன்ஃபிளேமபிள் என்றால் தீப்பிடிக்காததா? பைவீக்லி என்றால் எத்தனை முறை?

பெயின்ட்டில் கலக்கும் தின்னர் டப்பாவில் 'இன்ஃபிளேமபிள்' என்று போட்டிருந்தால், தீப்பிடிக்காது என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 'கரெக்ட்', 'இன்கரெக்ட்' என்று எதிர்ச்சொல் படித்த பழக்கம்தான் காரணம். உண்மையில் அது எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இங்கே 'இன்' மறுப்பைச் சொல்லவில்லை. தீமூட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. மருத்துவத்தில் வரும் 'இன்ஃபிளமேஷன்' இதற்கு உறவு. அதை நாம் அழற்சி என்கிறோமே, அழல் என்றாலும் நெருப்புதான்! அழற்சியை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மாறிப்போகாது.

குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாததற்கு 'நான்-ஃபிளேமபிள்' என்று இருக்க வேண்டும்.

சொல்லில் சந்தேகம் வந்தால் படத்தைப் பாருங்கள். சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் கருப்புச் சுடர் இருந்தால் தீப்பற்றும் பொருள். சுடர் ஒரு வட்டத்தின் மேல் நின்றால் அது வேறு: மற்ற பொருள்களை மூர்க்கமாக எரியவைக்கும் ஆக்சிடைசர். நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் உள்ள அசிட்டோனின் ஆவி சுமார் -20 டிகிரி செல்சியஸிலேயே பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தள்ளி இருக்கும் சுடரையும் எட்டிவிடும். எனவே மூடியைத் திறக்குமுன் சுடர் எதையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

'பைவீக்லி' இன்னொரு விதத்தில் ஏமாற்றும். வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு பொருளையுமே அகராதிகள் தருகின்றன. மருந்துச் சீட்டில் இந்தச் சொல்லுக்கு இடமே தரக்கூடாது. 14 நாளுக்கு ஒருமுறை போடவேண்டிய 40 மி.கி. ஊசியை வாரம் இருமுறை போட்டால், 28 நாளில் 80 மி.கி. போகவேண்டிய உடம்புக்குள் 320 மி.கி. போய்விடும். 'பைமன்த்லி'யிலும் இதே சிக்கல்தான்.

எழுதுபவர் '14 நாளுக்கு ஒருமுறை' என்றே எழுதட்டும். வாங்குபவர் அடுத்த இரண்டு ஊசிகளின் தேதியையும் கிழமையையும் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 14 நாள் கணக்கில் கிழமை மாறாது. மாறியிருந்தால் ஊசி போடுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.