ஈடியூவில வந்து நிக்கேக்க உண்மையச் சொல்லுங்க

திருகோணமலைல ஈடியூவில, அதான் ஆசுபத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில, வேலை செய்யிறவங்களுக்கு இது புதுசில்ல. நஞ்சு மருந்து, குளிசை குடிச்சிட்டு, கையக் காயப்படுத்திட்டு வாறவங்கள்ல இளம் ஆக்கள்தான் கூட, அதிலயும் பொம்பிளப் பிள்ளையள் கனக்க, பொழுதுபட்டாப் பிறகு, வீட்டில சண்டை நடந்து கொஞ்ச நேரத்துக்குள்ள. ஃபோனப் பறிச்சது, காதல், மனுசன் குடிச்சிட்டு வந்து அடிச்சது, லோன்காரர் வாசல்ல நிண்டது எண்டு சொல்லுவாங்க, ஆனா அது கடைசியா நடந்தது மட்டும்தான், அதுக்குப் பின்னால மாதக்கணக்கில வேற எதையோ சுமந்திருப்பாங்க. நாள்கணக்கா யோசிச்சு வந்தவங்க குறைவு, விடியக் கேட்டா கனபேர் "சாக நினைக்கேல்ல டொக்டர்" எண்டுதான் சொல்லுறது.

அந்தக் கொஞ்ச நேரத்தில கைக்கு என்ன எட்டுது எண்டதுதான் விசயம். 1995ல இலங்கையில லட்சம் பேருக்கு 47 பேர் அளவில தற்கொலையால செத்தாங்க. கடும் நஞ்சான வயல் மருந்துகள 84, 95, 98 எண்டு ஒவ்வொண்டாத் தடை செய்து, 2008க்குப் பிறகு இன்னும் சிலத நிப்பாட்ட, அது 70 வீதமளவு குறைஞ்சுது, அதுக்காக வீட்டுச் சண்டை குறைஞ்சதெண்டில்ல. அதால வயல் மருந்தையும் அம்மம்மாட பிரஷர் குளிசையையும் பூட்டி வைங்க, திறப்பை நீங்களே வச்சிருங்க.

மூதூர், வெருகல் பக்கமிருந்து வரவே நேரமாகும், வந்த பிறகும் தாய் "தவறுதலா குடிச்சிட்டா" எண்டு சொல்லி மாமியப் பாக்கிறா, மாமி நிலத்தப் பாக்கிறா, எங்களுக்கோ எதக் குடிச்சது, எத்தின மணிக்கு எண்டு தெரியாம சரியான மருந்து தொடங்கேலாது. வெறும் குளிசைக் கார்டையோ மருந்துப் போத்தலையோ கொண்டு வாங்க. உப்புத்தண்ணி, சவுக்காரத் தண்ணி பருக்கி சத்தி எடுக்க வைக்காதீங்க, அது சுவாசப்பைக்குள்ள போனா இன்னும் மோசம். ஆள் நல்லாக் கதைக்கிறார் எண்டு வீட்டில வச்சுப் பாக்கவும் வேணாம், சில குளிசை முதல் நாள் ஒண்டும் காட்டாது. உடன 1990 அம்புலன்சுக்கு அடிங்க. பொலிஸ் பிடிக்கும் எண்டு பயந்து மறைக்கிறவங்களுக்கு, தற்கொலைக்கு முயற்சி செய்யிறது 1998ல இருந்தே இலங்கையில குற்றமில்ல.

எங்கட ஆக்கள்லயும் பிழை இருக்கு, வாட்டில எல்லாருக்கும் கேக்கிற மாதிரி "வேற வேலை இல்லையா" எண்டு ஏசினா அந்தப் பிள்ளை அடுத்த முறை ஆரிட்டயும் வாய் திறக்காது. வீட்டுக்குப் போன முதல் கிழமைகள்லதான் திரும்பச் செய்யிற ஆபத்துக் கூட, ஆனா கலியாணம் குழம்பிடும் எண்டு மனநலக் கிளினிக் கொப்பிய ஒளிச்சு வச்சிடுறாங்க. கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, இரவில கதைக்க ஆள் வேணுமெண்டா 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அடிங்க, தமிழ்லயும் கதைக்கலாம்.