இன்ஜினுக்கு எந்தப் பூச்சு நிற்கும்?

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் துளைகளைக் கடையும் ‘போர்’ வேலை முடித்தாயிற்று. இனிப் பெயின்ட் அடிக்க வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கிறது. ஒரே டப்பாவை வாங்கி எல்லா பாகத்துக்கும் அடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே இன்ஜினில் சில அங்குல இடைவெளியில் வெப்பம் பல மடங்கு மாறும்.

இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்குக்குள் ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். பிளாக்கின் வெளிப்புறமும் ஏறத்தாழ அவ்வளவுதான். இன்ஜினுக்கென விற்கும் எனாமல் பெயின்ட் அதைத் தாராளமாகத் தாங்கும். பக்கத்திலேயே இருக்கும், புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, வண்டி இழுக்கும்போது 500 டிகிரியைத் தாண்டும். எனாமலின் பிசின் கார்பன் சங்கிலிகளால் ஆனது. அந்தச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும்.

மேனிஃபோல்டுக்குச் சிலிக்கோன் பெயின்ட் தேவை. சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்த பிணைப்பு, கார்பன் பிணைப்பைவிட உறுதியானது. சூடேறும்போது அதிலுள்ள கரிமப் பகுதிகள் எரிந்து போகும். கண்ணாடியைப் போன்ற சிலிக்கா வலையும் அதற்குள் அலுமினியத் துகள்களும் மிஞ்சும். அதாவது, இந்தப் பெயின்ட் தீயில்தான் முழுமை பெறுகிறது. துத்தநாகப் பிரைமரை இங்கே அடியில் போடாதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும்.

இன்ஜினை மேலே மூடும் டாப்பெட் கவர், அடியில் எண்ணெய் தங்கும் சம்ப் போன்ற தகட்டு பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் அருமையாக நிற்கும். மின்னூட்டம் ஏற்றிய பொடி தகட்டில் ஒட்டிக்கொள்ள, சுமார் 200 டிகிரி அடுப்பில் அது உருகி ஒரே தோலாகிவிடும். ஆனால் தோல் தடிமனானது. கசிவை அடைக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்திலும் மரையிலும் ஏறாமல் மறைத்துவிடச் சொல்லுங்கள். போல்ட் தலைக்கு அடியில் தடித்த பூச்சு இருந்தால், சூட்டில் அது நசுங்கி முறுக்கு தளர்ந்துவிடும். சாதாரண போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் போதும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் போன்ற உயர்வலு போல்ட்டுகளை முலாம் தொட்டியில் போடவே கூடாது. அமிலத்திலும் மின்பகுப்பிலும் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொண்டால், முன்னறிவிப்பே இல்லாமல் போல்ட் முறியக்கூடும்.

எந்தப் பூச்சானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் சுத்தம். என்னைக் கேட்டால் வேலையில் முக்கால் பங்கு அதுதான். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் மட்டும் போகாது. மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். சோப்புக் கரைசலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சூடுகாட்டி, கசியும் எண்ணெயைத் தின்னரால் துடையுங்கள். சூடு ஆறி, தின்னர் முழுதும் காய்ந்ததும் ஒரு குவளை தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாக வழிந்தால் சரி. தாமரை இலைமேல் போல உருண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் அங்கேயே இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். சோதனை முடிந்ததும் உடனே உலர்த்திப் பிரைமர் அடியுங்கள். வெறும் வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே செம்மண் நிறத்துக்கு மாறத் தொடங்கிவிடும்.

மணல் வீச்சு கொடுப்பதாக இருந்தால், அதை இன்ஜினைக் கோக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். எண்ணெய்த் துளைகளை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்தபின் அவற்றைத் திறந்து நீண்ட பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஒரு சிட்டிகை மணல் உள்ளே தங்கினாலும் புது பேரிங் கீறிப் போகும்.

எல்லாம் பூட்டியபின் முதல் ஸ்டார்ட்டில் மேனிஃபோல்டிலிருந்து புகையும் வாடையும் வரும். பயப்பட வேண்டாம், பெயின்ட் வேகிறது. டப்பாவில் போட்டிருக்கும் நேரக் கணக்குப்படி சூடேற்றி, அணைத்து, முழுதும் ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றுங்கள். அதுவரை அதன்மேல் விரல் நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.